படிக்கும்போதே சம்பளம்: எல்லையோரக் கல்லூரி ஒன்றின் ஊதியப் பயிற்சித் திட்டம் பற்றிய மதிப்பீடு

ஆந்திர-தமிழக எல்லையை ஒட்டி ஆந்திரப் பக்கத்தில் உள்ள சத்தியவேடு, வரதய்யபாளையம், தடா வட்டாரத்தில் கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில் 'படிக்கும்போதே சம்பளம்' என்ற விளம்பரத் தட்டியைப் பார்க்காமல் ஒரு பேருந்து நிறுத்தத்தையும் கடக்க முடியாது. ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டை ஒரு பக்கமும் கும்மிடிப்பூண்டி சிப்காட் மறுபக்கமும் இருப்பதால், இங்குள்ள கல்லூரிகளுக்கு இது எளிதில் விற்பனையாகும் வாக்குறுதி. என் அக்கா மகள் இந்த வட்டாரத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. உணவுத் தொழில்நுட்பம் படித்து, அத்திட்டத்தின் கீழ் வரும் ஆறு மாத ஊதியப் பயிற்சியை அண்மையில் முடித்தாள். நானோ கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை லைனில் நிறுத்திப் பழக்குவதும் என் பொறுப்புகளில் ஒன்று. ஆகவே இந்தச் சேவையைக் குடும்பத்தின் பக்கமிருந்தும் தொழிற்சாலையின் பக்கமிருந்தும் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். எல்லாமே சுமாராக இருந்தது என்பதால் அல்ல. ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில், ஒரே ஆண்டில் இந்தத் திட்டம் ஒரு பிள்ளைக்கு முழு மதிப்பெண்ணுக்குரியதாகவும் இன்னொரு பிள்ளைக்கு வெறும் கூலி வேலையாகவும் அமைந்தது. அந்த வேறுபாட்டுக்கும் மாதச் சம்பளத்தின் அளவுக்கும் தொடர்பே இல்லை. யார் பெயரில் ஒப்பந்தம் போடப்பட்டது, ஆலைக்குள் யார் அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பேற்றார் என்ற இரண்டே இரண்டு செய்திகள்தாம் எல்லாவற்றையும் தீர்மானித்தன.

திட்டத்தின் பின்னணி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆந்திர அரசு 2020-21ஆம் கல்வியாண்டில் கொண்டுவந்த பாடத்திட்ட மாற்றத்தின்படி, அங்கு மூன்றாண்டுப் பட்டப்படிப்புப் படிப்பவர்கள் மொத்தம் 10 மாதப் பயிற்சியை முடித்தாக வேண்டும். முதலாண்டு முடிந்ததும் 2 மாதம் சமூகப் பணித் திட்டம், இரண்டாமாண்டு முடிந்ததும் 2 மாதம் கோடைக்காலப் பயிற்சி, இறுதியாண்டில் ஒரு செமஸ்டர் முழுவதும் நிறுவனத்தில் பயிற்சி என்று அது பிரிக்கப்பட்டுள்ளது. பயிற்சி கட்டாயம், ஆனால் பயிற்சிக்கு ஊதியம் கட்டாயம் அல்ல. பெரும்பாலான கல்லூரிகள் ஏதாவது ஓர் அலுவலகத்திலிருந்து சான்றிதழ் வாங்கி வரச் சொல்லி இதை முடித்துவிடுகின்றன. நான் மதிப்பிடும் கல்லூரி இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது: இறுதியாண்டின் அந்தச் செமஸ்டரைத் தொழிற்சாலைகளோடு பேசி, ஊதியத்தோடு கூடிய பயிற்சியாக ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்கிறது, அதற்குத் தனிக் கட்டணமும் வாங்குகிறது.

இந்த முறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் 1906இல் 27 மாணவர்களோடு இதைத் தொடங்கினார். மாணவர்களை இரு அணிகளாகப் பிரித்து, ஓர் அணி வகுப்பில் இருக்கும்போது மற்ற அணி தொழிற்சாலையில் வேலை செய்யும்படியும் வாரந்தோறும் இடம் மாறும்படியும் வைத்தார். தொழிற்சாலைக்கு ஆள் குறையாது; மாணவனுக்குக் கூலி கிடைக்கும்; வகுப்பில் படித்தது அடுத்த வாரமே கைக்கு வரும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கப்பட்டபோதே இந்த ஏற்பாட்டை அடித்தளமாக வைத்துக்கொண்டது. அங்கு இன்று பெரும்பாலும் 4 மாதம் படிப்பு, 4 மாதம் வேலை என்று மாறி மாறி வரும். மாணவர்களுக்குச் சம்பளத்தை நிறுவனமே நேரடியாகத் தருகிறது. பல்கலைக்கழகம் இடம் தேடித் தருவதற்கும் மேற்பார்வைக்கும் கட்டணம் வாங்குகிறது. நேர்காணல் முடிந்ததும் நிறுவனம் மாணவர்களைத் தரவரிசைப்படுத்தும், மாணவர்களும் நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்துவார்கள், இரண்டையும் பொருத்திப் பார்த்து இடம் ஒதுக்கப்படும். நம் பக்கத்திலும் இது புதிதல்ல, கோவை பி.எஸ்.ஜி.யின் சாண்ட்விச் கோர்ஸ்களைப் பற்றிக் கேள்விப்படாத தொழிற்சாலைக்காரர் தமிழ்நாட்டில் குறைவு. தமிழகப் பாலிடெக்னிக்குகளில் சாண்ட்விச் டிப்ளமோ மூன்றரை ஆண்டு நடப்பதற்குக் காரணமே இடையில் வரும் ஆலைப் பயிற்சிதான்.

எங்கள் கல்லூரியின் ஏற்பாடு இந்த அளவுக்கு வளர்ந்தது அன்று. மாறி மாறி வருவதும் கிடையாது, இறுதியில் ஒரே ஒரு நீண்ட கட்டம்தான். எனினும் தேர்வு முறையைக் குறை சொல்ல மாட்டேன். நான்காம் செமஸ்டரிலேயே பிள்ளைகளிடம் விருப்பம் கேட்டு, ஆய்வகம், உற்பத்தி, கிடங்கு, அலுவலகம் என்று பிரித்து, தொழிற்சாலையிலிருந்து ஆட்களை வரவழைத்து நேர்காணல் நடத்தினார்கள். நேர்காணல் ஒப்புக்கு நடக்கவில்லை. என் அக்கா மகளிடம் பிஸ்கட்டின் ஈரப்பதம் கூடினால் என்ன ஆகும் என்று கேட்டு, அவள் பாடப்புத்தகத்து விடையைச் சொன்னதும், பாக்கெட்டைப் பிரித்துக் கையில் கொடுத்து "இதைக் கடித்துப் பார்த்துச் சொல்லும்மா" என்றாராம் வந்திருந்த மேலாளர். இப்படிக் கேட்கத் தெரிந்தவர் இருக்கும் ஆலைக்குப் பிள்ளையை நம்பி அனுப்பலாம் என்று அன்றே எனக்குத் தோன்றியது.

மாணவர்களின் விருப்ப வரிசையைக் கல்லூரி எழுதி வாங்கியது உண்மை. ஆனால் இடம் ஒதுக்கியபோது அதை எவரும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆய்வகம் கேட்ட சில பிள்ளைகளுக்குக் கிடங்கு ஒதுக்கப்பட்டது. காரணம் கேட்டதற்கு, ஆலை கேட்ட எண்ணிக்கைக்கு ஆள் தர வேண்டும் என்பதே பதிலாக வந்தது. ஆலை எத்தனை பேரைக் கேட்டது என்பதைவிட எந்த வேலைக்குக் கேட்டது என்பதைக் கல்லூரி விசாரித்திருக்க வேண்டும்.

இனி ஒப்பந்தம். இந்த மதிப்பீட்டை முழுவதும் படிக்க நேரமில்லாத பெற்றோர்கள் இந்தப் பகுதியையாவது படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் அக்கா மகளின் ஒப்பந்தத்தில் மூன்று கையெழுத்துகள் இருந்தன: மாணவி, கல்லூரி, தொழிற்சாலை. அது மத்திய அரசின் தேசியப் பயிற்சித் திட்ட இணையதளத்தில் பதிவும் செய்யப்பட்டிருந்தது. அவளுடைய வகுப்புத் தோழன் ஒருவனின் தாளில் இரண்டே கையெழுத்துகள்தாம்: அவனுடையது ஒன்று, ஆள் வழங்கும் கான்ட்ராக்டருடையது ஒன்று. அவன் வேலை செய்த ஆலையின் பெயர் அதில் 'பணியிடம்' என்ற கட்டத்தில் மட்டும் இருந்தது. கல்லூரியின் முத்திரை ஓரத்தில் குத்தப்பட்டிருந்தது. எந்தப் பொறுப்பை ஏற்று அந்த முத்திரை குத்தப்பட்டது என்பது தாளின் எந்த வரியிலும் இல்லை.

பதிவு செய்த ஒப்பந்தம் ஏன் முக்கியம் என்றால், 1961ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டம் அப்போதுதான் பிள்ளைக்குத் துணை நிற்கும். அந்தச் சட்டம் பயிற்சியாளரைத் தொழிலாளி என்று கருதுவதில்லை, ஆகவே பி.எஃப்., இ.எஸ்.ஐ. போன்றவை அவருக்குக் கிடையா. அதற்கு ஈடாகச் சில காப்புகளைத் தருகிறது. பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு முதலாளியுடையது. அரசின் பயிற்சி ஆலோசகர் என்ற அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. அந்த ஒப்புதலும் பயிற்சியின் நலனுக்காகவோ பொது நலனுக்காகவோ இருந்தால்தான் கிடைக்கும். பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்பதையும் சட்டம் சொல்கிறது. சேர்க்கையின்போது 'வேலை உறுதி' என்று வாயால் சொல்லப்படும் வாக்குறுதிகளை இதோடு சேர்த்துப் படித்துக்கொள்வது நல்லது. பதிவு இல்லாத தாளில் கையெழுத்திட்ட பிள்ளையோ பயிற்சியாளருமல்ல, முறையான தொழிலாளியுமல்ல; விபத்து நேர்ந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாத இடத்தில் நிற்கிறான்.

இத்தகைய ஒப்பந்தத்தை ஆலைகளிடம் கேட்கக் கல்லூரிகள் கூச்சப்படத் தேவையே இல்லை. 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிற்சியாளர்களை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆலைக்கும் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் கல்லூரி கெஞ்சிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டுத் திருத்த விதிகளில் பட்டதாரிப் பயிற்சியாளருக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோ பயிற்சியாளருக்கு 8,000 ரூபாய் என்று வரையறுக்கப்பட்டது. இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று அரசுக்கு ஆலோசனை சொல்லும் மத்தியப் பயிற்சியாளர் மன்றம் 2025 மே மாதத்தில் பரிந்துரைத்தது. தேசியப் பயிற்சித் திட்டத்தின் கீழ்க் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. எங்கள் பெண்ணுக்கு மாதம் 12,000 ரூபாய் பேசப்பட்டது. கேன்டீனுக்கு 600 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி வங்கிக் கணக்குக்கு வந்தது. அவளுடைய தோழனுக்கு ஓவர்டைம் சேர்த்து 14,000 வரை வந்த மாதங்களும் உண்டு. அந்த மாதங்களில் அவன் வீட்டில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள், என் அக்கா சற்று வருத்தமாகவே இருந்தாள். கூடுதலாக வந்த அந்தத் தொகை எதிலிருந்து வந்தது என்று அப்போது எவரும் கேட்கவில்லை.

ஆலைக்குள் நடந்ததுதான் இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு. எங்கள் பெண்ணைப் போட்ட இடம் பிஸ்கட் பேக்கிங் லைனின் இறுதியில் இருந்த மெட்டல் டிடெக்டர். உணவுத் தொழிற்சாலையில் அது சலிப்பூட்டும் இடம் என்று பெயர் பெற்றது. பாக்கெட்டுகள் பெல்ட்டில் வந்துகொண்டேயிருக்கும், கருவி அவற்றைத் தானே சோதித்துக்கொண்டேயிருக்கும். மணிக்கு ஒருமுறை மூன்று டெஸ்ட் பீஸ்களைப் பாக்கெட்டோடு வைத்து அனுப்பி, கருவி அவற்றைக் கண்டுபிடித்துத் தள்ளுகிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒன்றில் இரும்புத் துணுக்கு, ஒன்றில் பித்தளை போன்ற இரும்பல்லாத உலோகம், ஒன்றில் எவர்சில்வர். முதல் நாள் இதைச் சொல்லிக்கொடுத்தவர் நாகலாபுரத்துக்காரரான ஒரு மூத்த ஆபரேட்டர், பட்டம் படிக்காதவர்.

"ஏம்மா, மூணும் ஒரே அளவா இருக்கா பாரு" என்றிருக்கிறார்.

"இல்லைண்ணா. இரும்பு ஒன்றரை மில்லி, பித்தளை ரெண்டு, எவர்சில்வர் ரெண்டரைன்னு போட்டிருக்கு."

"ஏன் எவர்சில்வர் மட்டும் பெருசு?"

அவளுக்கு விடை தெரியவில்லை. அவரும் உடனே சொல்லவில்லை. மறுநாள் வரும்போது சொல் என்று விட்டுவிட்டார். இரவெல்லாம் புரட்டிப் பார்த்து அவள் கண்டுபிடித்த விடை இது: இரும்பு காந்தத்துக்கு வசப்படும், மின்சாரத்தையும் கடத்தும், அதனால் சிறு துணுக்கே பெரிய சைகையைத் தரும், பித்தளை காந்தத்துக்கு வசப்படாது, ஆனால் நன்றாகக் கடத்தும், ஆலைகளில் பயன்படும் உயர்தர எவர்சில்வர் காந்தத்துக்கும் வசப்படாது, கடத்துவதும் குறைவு, எனவே அதே சைகை கிடைக்கத் துணுக்கு பெரிதாக இருக்க வேண்டும். ஆலையிலுள்ள எந்திரங்களில் பெரும்பகுதி எவர்சில்வரால் ஆனவை என்பதால், உடைந்து விழ அதிக வாய்ப்புள்ள பொருளைத்தான் கருவி மிகுந்த சிரமப்பட்டுக் கண்டுபிடிக்கிறது என்பதையும் அவளாகவே சேர்த்துச் சொன்னாள். காந்தப் புலத்தை அவள் முதலாண்டில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தாள். அந்தப் பாடத்துக்கும் பிஸ்கட்டுக்கும் உறவு உண்டு என்பதை வகுப்பில் அவளுக்கு யாரும் காட்டவில்லை.

சில வாரம் கழித்து, வேறு அளவுப் பாக்கெட்டுக்காக லைனின் வேகத்தை மாற்றியிருந்த ஒரு மாலையில், எவர்சில்வர் டெஸ்ட் பீஸ் போனதும் கருவி சரியாகக் கூவியது. ஆனால் காற்று அழுத்தித் தள்ளும் முனை, டெஸ்ட் பீஸ் இருந்த பாக்கெட்டை விட்டுவிட்டு அதற்கு அடுத்த பாக்கெட்டைத் தள்ளியது. கண்டுபிடிப்பதில் பிழையில்லை, தள்ளும் நேரத்தில்தான் பிழை. பெல்ட் வேகம் மாறியபோது தள்ளும் நேரத்தை எவரும் மாற்றி அமைக்கவில்லை. விளக்கு எரிந்ததையும் ஒரு பாக்கெட் கீழே விழுந்ததையும் மட்டும் பார்த்து 'சரி' என்று எழுதிவிட்டுப் போகிறவர்களை நான் என் ஆலையிலேயே பார்த்திருக்கிறேன். அவள் விழுந்த பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். உள்ளே டெஸ்ட் பீஸ் இல்லை. விதிப்படி, கடைசியாகச் சரியாக இருந்த சோதனைக்குப் பிறகு வந்த சரக்கு முழுவதையும் தனியே நிறுத்தி மறுபடி சோதிக்க வேண்டும். ஏற்றுமதிக்குப் போக வேண்டிய சரக்கு அது. லாரி வெளியில் நின்றுகொண்டிருந்தது. ஷிஃப்ட் சூப்பர்வைசர் முகம் சுளித்தாலும் சரக்கை நிறுத்தினார். பதிவேட்டில் "கண்டறிந்தவர்" என்ற இடத்தில் அவளுடைய பெயரையே எழுதச் சொன்னார். பயிற்சிக்கு வந்த பிள்ளையின் பெயர் ஆலையின் நிரந்தரப் பதிவேட்டில் ஏறுவது சாதாரணமல்ல. நான் முழு மதிப்பெண் தருவது இந்த அனுபவத்துக்குத்தான். இதில் கல்லூரியின் பங்கு என்ன என்று கேட்டால், இத்தகைய ஆலையைத் தேர்ந்தெடுத்து நேரடி ஒப்பந்தம் போட்டது மட்டுமே. ஆனால் அந்த ஒன்று இருந்ததால்தான் மற்றவை நடந்தன.

அதே ஆறு மாதத்தில் அவளுடைய தோழன் கிடங்கில் லேபிள் ஒட்டினான், பெட்டி அடுக்கினான், பேலட் வண்டி இழுத்தான். கிடங்கு வேலையில் கற்க ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியேற வேண்டும் என்ற ஒழுங்கையும், வெப்பநிலைப் பதிவையும், பூச்சிக் கட்டுப்பாட்டையும் அங்கிருந்தே நன்றாகக் கற்கலாம். கற்றுத்தர ஒருவர் பொறுப்பில் இருந்தால். அவனுக்கு இருந்தவர் கான்ட்ராக்டரின் மேஸ்திரி. அவருடைய கணக்கில் அவன் ஒரு தலை. ஒரு நாள் வராவிட்டால் அந்த நாளின் தொகை போகும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டுக்கு மறுப்புச் சொன்னால் மறுநாள் கேட் பாஸ் வராது. வாரந்தோறும் நிரப்ப வேண்டிய பயிற்சி லாக் புக்கைக் கடைசியில் ஒரே மாலையில் அவனே எழுதி, மேஸ்திரி எல்லாப் பக்கங்களிலும் வரிசையாகக் கையெழுத்திட்டு முடித்தார். கல்லூரி அந்த லாக் புக்குக்கும் எங்கள் பெண்ணின் லாக் புக்குக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணை வழங்கியது. இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் தேதிக்குத் தேதி பேனாவின் நிறம் மாறியிருக்கும். மற்றொன்று முழுவதும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில் ஓடும். மதிப்பெண் போட்ட ஆசிரியர் அதைக் கவனித்திருந்தாலே போதும்.

ஆசிரியர் மேற்பார்வை இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதி. மாதம் ஒருமுறை ஆசிரியர் ஆலைக்கு வந்து பிள்ளையையும் அவருக்குப் பொறுப்பானவரையும் சந்திப்பார் என்று கையேட்டில் அச்சிட்டிருந்தார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் ஹெச்.ஆர். அறையில் தேநீர் குடித்து, வருகைப் பதிவைப் படமெடுத்துக்கொண்டு திரும்பினார்கள். லைனுக்குள் வர வேண்டுமென்றால் தலைக்கவசம், ஷூ, கோட்டு, கை கழுவுதல் என்று கால் மணி நேரம் ஆகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளை எங்கே நிற்கிறாள், என்ன தொடுகிறாள் என்று பார்க்காமல் போடும் மதிப்பெண்ணுக்கு என்ன பொருள்? கற்றலை மணிக்கணக்கில் அளக்கும் தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட், ஓராண்டுக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட் என்று கணக்கிருக்கிறது. அந்த மணிகள் கற்றதற்கானவை. பெட்டி தூக்கிய மணிகளையும் அதே கணக்கில் ஏற்றிவிடும் வசதி அதில் இருக்கக் கூடாது.

தங்கல், போக்குவரத்து பற்றியும் கல்லூரி முன்கூட்டிப் பேசியிருக்கலாம். மாணவர் பஸ் பாஸ் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையேயானது. ஆலைக்குப் போகும் வழிக்கு அது உதவாது. சத்தியவேட்டிலிருந்து ஆலைப் பேருந்து இருந்ததால் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்து படிக்கும் பிள்ளைகள் முதல் மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதியை ஷேர் ஆட்டோவுக்கே கொடுத்தார்கள். சப்ளிமெண்டரி தேர்வு எழுத வேண்டியவர்களுக்கு விடுப்பு யார் தருவது என்பதிலும் கல்லூரியும் ஆலையும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள்.

மொழி விஷயத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, பதிவேட்டில் ஆங்கிலம், ஒடிசாவிலிருந்து வந்து பக்கத்தில் நிற்கும் தொழிலாளியிடம் அரைகுறை இந்தி என்று நான்கையும் ஒரே ஷிஃப்ட்டில் சமாளிக்கிறார்கள். சூப்பர்வைசர்கள் இவர்களை விரும்பிக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லை இருப்பதால் பதிவில் சிக்கல் வரும் என்று சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். அது வீண் அச்சம். சென்னை தரமணியிலுள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியத்தின் கீழ்தான் தமிழ்நாடும் ஆந்திரமும் வருகின்றன. ஆந்திரக் கல்லூரியில் படித்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி ஆலையில் பயிற்சி பெறுவதற்கோ, அதற்கு எதிர்த்திசையிலோ தடை எதுவும் இல்லை.

மாற்று வழிகளும் உள்ளன. பட்டப்படிப்போடு பயிற்சியையும் இணைத்த படிப்புகளுக்கு பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2025இல் புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவற்றின்படி மூன்றாண்டுப் படிப்பில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர்கள் வரை பயிற்சி அமையலாம். இத்தகைய படிப்பை நடத்தும் கல்லூரி கிடைத்தால் அதுவே மேல், ஏனென்றால் அங்கே மூன்று தரப்பு ஒப்பந்தம் திட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய அத்திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் என்றும் வயது 21 முதல் 24 வரை என்றும் முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்கள் சேர முடியாது என்றும் வைத்தார்கள். பட்டம் பெற்ற பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது அது.

அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போகும் எண்ணம் இந்த வட்டாரத்தில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இருப்பதால் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். அங்கே படிப்பின் அங்கமாகச் செய்யும் வேலைக்கு சி.பி.டி. என்று பெயர். முழுநேர சி.பி.டி.யை 12 மாதமோ அதற்கு மேலோ பயன்படுத்திவிட்டால், அந்தப் படிப்பு நிலைக்குரிய ஓ.பி.டி. என்ற படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கிடைக்காது. சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆசை காட்டும் ஏஜென்ட்டுகள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

இந்தக் கல்லூரியில் இந்த ஆண்டு சேர நினைப்பவர்கள், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்க வேண்டும். அதில் ஆலையின் பெயர் தரப்பினராக இருக்கிறதா, சம்பளம் ஆலையின் வங்கிக் கணக்கிலிருந்து வருமா, பதிவு எண் உண்டா, லைனில் பிள்ளைக்குப் பொறுப்பானவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். கான்ட்ராக்டரின் பெயர் இருந்தால், தொகை எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் வேறு ஆலை கேளுங்கள்; கேட்டவர்களுக்குக் கல்லூரி மாற்றித் தந்திருக்கிறது, கேட்காதவர்களுக்குத் தரவில்லை.

திட்டக் கட்டணம் 7,500 ரூபாய், இரண்டு தவணையில் வாங்கினார்கள். இடம் தேடித் தரும் உழைப்புக்கு இது நியாயமான தொகைதான். ஆனால் ரசீதில் 'வளர்ச்சி நிதி' என்று எழுதித் தருகிறார்கள். 'பயிற்சி இடக் கட்டணம்' என்று எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பெண்ணின் வகுப்பில் இடம் கிடைக்காமல் போனவர்களில் அப்படி எழுதி வாங்கியவர்களுக்கு மட்டுமே பணம் திரும்பக் கிடைத்தது.